நிகர எடை இருநூற்றைம்பது கிராம்

ஸ்ரீபெரும்புதூர் சன்னிதித் தெருவில், யதுகிரியின் சமையலறையில், லேபிள் ஒட்டிய முப்பத்தாறு புளிக்காய்ச்சல் பாட்டில்களும் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்குள் ஒவ்வொன்றாக மேடையை விட்டுக் கிளம்பி, கூரையில் மூடி முட்ட நின்றன. லேபிள் ஒட்டாத நான்கு வைத்த இடத்திலேயே இருந்தன. அன்றைக்குத் தெருவில் இதைவிட அதிகமாகப் பேசப்பட்டது முருங்கைக்காய் விலைதான்.

அதற்கு மூன்று வருஷம் முன்பு யதுகிரிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. வீட்டின் பின்புற அறையில் வாடகைக்கு இருந்த செல்லக்கனி உதவிக்கு வந்தாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண். கணவன் மாசானத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் கான்ட்ராக்ட் வேலை. யதுகிரி சொல்லச் சொல்ல அவள் புளி கரைத்தாள், வெந்தயம் வறுத்தாள். இரண்டாம் மாதம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மணிக்கட்டு சரியான பிறகும் கரண்டி செல்லக்கனியிடமே இருந்தது, ஏனென்றால் அவள் கிண்டியதில் யதுகிரிக்கு என்றைக்கும் கைவராத ருசி ஒன்று இருந்தது. யதுகிரி இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. குன்றத்தூர், மண்ணூர் என்று பாட்டில்கள் விற்பனைக்குப் போயின. ஒரகடத்து அடுக்குமாடிக்காரர்கள் கேட்டபோதுதான் பதிவும் லேபிளும் இல்லாமல் வீட்டுச் சமையலை விற்கக் கூடாது என்று தெரிந்தது. சேர்மானம், நிகர எடை, தேதி, சைவத்துக்குப் பச்சைப் புள்ளி, தயாரித்தவர் பெயர், முகவரி. தயாரித்தவர் என்ற இடத்தில் யதுகிரி தன் பெயரைப் போட்டாள். "நம்மாத்துதுன்னுதானே வாங்கறா, வேற பேரைப் போட்டா தொடுவாளோ?" என்றார் கணவர் வரது.

அச்சாகி வந்த லேபிளைச் செல்லக்கனி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள்.

"எம்பேரக் காணுமே மாமி. கிண்டுனது நான்லா?"

"சின்ன லேபிள்டி. ஒரு பேருக்குத்தான் எடம்."

பச்சைப் புள்ளிக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே கிடந்தது. செல்லக்கனி அதைப் பார்த்தாள், பிறகு ஒட்ட உட்கார்ந்தாள். அவள் ஒட்டி முடிக்க முடிக்கப் பாட்டில்கள் ஒவ்வொன்றாக மேலே போயின.

பழகாதது எது? கூரைக்குக் கீழே கொசுவலை கட்டினார்கள், பாட்டில் கழுத்தில் கயிறு கட்டி விற்றார்கள். "கயித்த வுட்டா பறந்து பூடும் போலகீதே, இன்னாம்மா இது?" என்று கேட்ட ஷேர் ஆட்டோக்காரரே ஆறு பாட்டில் வாங்கினார். கம்பெனிப் பையன்கள் ரூமில் ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துச் சாப்பிட்டார்கள். சோதனைக்கு வந்த அதிகாரி, "வெயிட் இருநூத்தம்பதுன்னு போட்டிருக்கீங்க, மிஷின்ல ஒண்ணுமே காட்டலியேம்மா" என்றார். மிதப்பதைப் பற்றி விதியில் எதுவும் இல்லாததால் அதைக் கேட்கவில்லை; லேபிளைத் திருத்தச் சொல்லிவிட்டுப் போனார். வரது பசையை மாற்றினார், தாளை மாற்றினார், அச்சகத்தையே மாற்றினார். திருத்த வேண்டிய வரி எதுவென்று யதுகிரிக்கு முதல் வாரமே தெரியும். அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். நான்கு அச்சு போயிற்று.

பங்குனியில் மாசானத்தின் கான்ட்ராக்ட் முடிந்தது; அடுத்த வேலை ஓசூரில். ஓசூருக்குக் கிளம்பும் நாளிலும் செல்லக்கனி ஒரு பாட்டில் நிரப்பி மேடையில் வைத்தாள். "லேபிள நீங்களே ஒட்டிக்கிடுங்க மாமி" என்றாள். யதுகிரி அந்தப் பாட்டிலை அடுப்புக்கு இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அதன்பின் யதுகிரியே கிண்டினாள். அந்தப் பாட்டில்கள் மிதக்கவில்லை. மிஷினில் இருநூற்றைம்பது சரியாகக் காட்டியது. இரண்டாம் முறை வாங்க யாரும் வரவில்லை. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். செல்லக்கனியின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று பதினோராவது முறை கேட்ட அன்றுதான் அழுதாள். அழுது முடித்து, செல்லக்கனி நிரப்பி வைத்துவிட்டுப் போன அந்தக் கடைசிப் பாட்டிலுக்கு ஒரு லேபிளைத் தன் கையால் எழுதினாள். தயாரித்தவர்: செல்லக்கனி. ஒட்டினாள். பாட்டில் மேலே போகவில்லை. ஓசூருக்குத் தேடிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்று எடுத்தாள், அசையவில்லை. வரதுவும் அவருடைய கோயில் சிநேகிதர்கள் மூவரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை.

பதிவைப் புதுப்பிக்கும் சமயத்தில் அதே அதிகாரி வந்தார். பாட்டிலைத் தூக்க முடியாததால் குனிந்து படித்தார். லேபிளில் குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடையை மட்டும் சோதிக்கவில்லை. பாட்டில் இப்போதும் அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிறது. யதுகிரி தினமும் மேடையை அதைச் சுற்றித் துடைக்கிறாள்.