பூனைக்கண்ணுக்கு ஒரு ஜோடி

அந்த அறைக்குள் கால் வைத்ததுமே அவளுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரை ஒட்டி அடுக்கியிருந்த தட்டுகள் முழுக்கக் கண்கள். கருப்பு, காப்பி நிறம், சாம்பல், நீலம் என்று வகைவகையாகப் பஞ்சில் பதித்து வைத்திருந்தார்கள். எல்லாம் கண்ணாடிதான், எதற்கும் பார்வை கிடையாது. அது தெரிந்தும், அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் முறைத்தால் ஒரு பெண்பிள்ளை தலைமுடியைச் சரிசெய்யாமல் என்ன செய்வாள்? அவளும் செய்துகொண்டாள்.

கூட வந்த புருஷன் எதையும் பார்க்கவில்லை. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். முடி வெட்டும் கடை வைத்திருப்பவர். ஊரெல்லாம் அவரைப் பூனைக்கண்ணன் என்றுதான் கூப்பிடும். தேன் நிறத்தில், வெயிலில் பொன் மாதிரி மின்னும் கண்கள். கல்யாணத்தின்போது அவளுடைய தோழிகள், "ராத்திரியில விளக்கே வேண்டாம்டி உனக்கு" என்று கேலி செய்து அவளை ஓட ஓட விரட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டில் இப்போது மிச்சம் இருப்பது வலது கண் மட்டும்.

கடையில் புதிதாகப் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றை மாட்டும்போது நடந்தது. ஆணியின் தலை தெறித்து வந்து இடது கண்ணில் அடித்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த அன்று, அவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் மனிதர் கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுவிட்டார். அதோடு சரி. எட்டு மாதமாக அவர் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவே இல்லை. காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்குழியைக் கழுவுவார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருவார். படுக்கையிலும் பக்கம் மாறிவிட்டார். கேட்டால், "ஒன்னுமில்ல" என்பார். அந்த ஒன்றுமில்லையில் என்ன இருக்கிறது என்று அவள் தலையைப் பிய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

கோபம்தான் என்று ஒரு நாள் நினைப்பாள். ஏனென்றால் அன்றைக்கு நிலைக்கண்ணாடி கோணலாக இருக்கிறது, இன்னொரு ஆணி அடியுங்கள் என்று சொன்னவள் அவள்தான். மறுநாள், கோபமாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாரே, இது வேறு என்னவோ என்று தோன்றும். அதற்கு மறுநாள் மறுபடியும் கோபம்தான் என்று முடிவு கட்டுவாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவள் பிழைப்பு. புதுக் கண் வந்தால் பழைய மனிதர் வருவார், தன் முகத்தைப் பார்ப்பார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவரை இழுக்காத குறையாக இங்கே கூட்டி வந்திருந்தாள்.

கண் செய்பவள் நாற்பத்தைந்து வயதுப் பெண். தடித்த கைகள், கறாரான வாய். வந்தவர்கள் எல்லாரும் அவளைக் கண்காரம்மா என்று கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு எரிவாயு அடுப்பு. விரல் நீளத்துக்கு நீலச் சுடர் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அவள் நாற்காலி, அந்தப் பக்கம் வாடிக்கையாளர் நாற்காலி.

"கண்ணாடியக் கழட்டிட்டு உக்காருங்க. நான் பாக்காம செய்ய முடியாது" என்றாள் கண்காரம்மா.

அவர் மனைவி பக்கம் திரும்பாமலே, "நீ எனக்குப் பின்னாடி உக்காரு" என்றார். அவள் பின்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்காரம்மா அவர் முகவாயைப் பிடித்துத் தூக்கி, இமையை விலக்கி, சந்தையில் கத்திரிக்காய் பார்ப்பது மாதிரி அப்படியும் இப்படியும் பார்த்தாள். அவர் பேசாமல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பின்னால் உட்கார்ந்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. யாரோ ஒருத்தி, வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை, அவளுக்குக் காட்டலாம். கட்டினவளுக்கு மட்டும் பிடரியா? உடனே, அவள் வைத்தியம் பார்ப்பவள் மாதிரி, அவளிடம் என்ன பொறாமை என்று தன்னையே கடிந்துகொண்டாள். அடுத்த நொடியே மறுபடியும் எரிந்தது. இந்த லட்சணத்தில்தான் வேலை ஆரம்பமானது.

கண்காரம்மா பால் வெள்ளையில் ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துச் சுடரில் நீட்டினாள். இரண்டு கையாலும் அதை உருட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாயின் நுனி சிவந்து, தளர்ந்து, பாகு மாதிரி ஆயிற்று. குழாயின் மறுமுனையை வாயில் வைத்து லேசாக ஊதினாள். கொதிக்கிற டீயை ஆற்றுகிற அளவு மூச்சுகூட இல்லை. நுனி உப்பி ஒரு வெள்ளை உருண்டை ஆனது. உருட்டுவதை மட்டும் அவள் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும் என்பது பார்க்கிறவளுக்கே புரிந்தது.

பிறகு பென்சிலைவிட மெல்லிய நிறக் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மஞ்சள், பழுப்பு, கொஞ்சம் பச்சைகூட. ஒவ்வொன்றையும் சுடரில் உருக்கி, உருண்டையின் நெற்றியில் தொட்டுத் தொட்டு இழுத்தாள். ஒவ்வொரு தொடலுக்கும் தலையைத் தூக்கி அவருடைய வலது கண்ணை ஒருமுறை பார்த்தாள். தேன் நிறம் வட்டமாக மலர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டாள். அச்சு அசல் அதே நிறம். ஒரு பிடி கண்ணாடிக்குள் அந்தக் கண் எப்படி வந்தது? வந்தது சந்தோஷமா பயமா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நடுவில் கண்மணிக்கான கருப்புப் பொட்டை வைத்தாள் கண்காரம்மா. வைத்துவிட்டு நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள். மறுபடி உருண்டையைப் பார்த்தாள். முகம் சுளித்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் அத்தனை அழகான உருண்டையைத் தகர வாளிக்குள் போட்டாள். அது டிக்கென்று விரிசல் விட்டது.

"ஐயோ, நல்லாத்தானே இருந்தது" என்றாள் மனைவி.

"நல்லா இருந்து என்ன பண்றது? இவர் கண்ணு ஒரு இடத்துல நிக்கல. சுடரப் பாத்தா பொட்டு கடுகு மாதிரி சுருங்குது. தரையப் பாத்தா விரியுது. நான் எதைப் பாத்து வைக்கறது?" கண்காரம்மா அவரிடம் திரும்பினாள். "எனக்குப் பின்னாடி சுவத்துல கப்பல் படம் இருக்கு பாருங்க. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. அதையே பாத்துக்கிட்டு இருங்க."

அவர் கப்பலைப் பார்த்தார். எவ்வளவு நேரம்? ஒரு உருண்டை ஊதி முடிக்கிற நேரம்கூட இல்லை. பார்வை நழுவிச் சுடருக்குப் போயிற்று, அங்கிருந்து தரைக்கு வந்தது. எட்டு மாதமாகப் பார்வையை ஒளித்தே பழகின கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்பது மறந்துபோயிருந்தது. இன்னொரு உருண்டை வாளிக்குப் போனது.

கண்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கப்பலும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம். அம்மா, நீங்க எந்திரிச்சு வாங்க. எனக்குப் பின்னாடி, அந்தப் படத்துக்கு முன்னாடி நில்லுங்க. அவர் உங்களப் பாக்கட்டும்."

"அவ வேண்டாம்" என்றார் அவர், சட்டென்று. கை கருப்புக் கண்ணாடியைத் தேடி மேசைமேல் போயிற்று.

"வேண்டாம்னா கண்ணும் வேண்டாம்னு அர்த்தம். எது வேணும்னு சொல்லுங்க" என்றபடியே கண்காரம்மா அடுத்த குழாயைச் சுடரில் வைத்துவிட்டாள். அது இளகத் தொடங்கிவிட்டது. இனி நிறுத்த முடியாது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மனைவி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கப்பலை மறைத்துக்கொண்டு நின்றாள், ஆனால் நிமிரவில்லை. போவதா இருப்பதா, பார்ப்பதா கூடாதா ஒன்றும் விளங்கவில்லை. பார்த்தால் அவர் மனம் நோகும். பார்க்காவிட்டால் அருவருப்பு என்று நினைப்பார். கண்காரம்மாவின் தோளையே வெறித்தாள்.

"நிமிந்து நில்லுங்கம்மா. நீங்க கீழ பாத்தா அவரும் கீழதான் பாக்கறாரு."

நிமிர்ந்தாள்.

இடது இமை பாதி மூடியிருந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, ஈரமாக, உதட்டின் உள்பக்கம் மாதிரி இருந்தது. அவ்வளவுதான். எட்டு மாதமாக அவள் கனவில் என்னென்னவோ வந்து பயமுறுத்தியிருக்கிறது. அதில் ஒன்றுகூட இங்கே இல்லை. பக்கத்தில் அந்தத் தேன் நிறக் கண், அழுகையை அடக்குகிற பிள்ளையின் கண் மாதிரி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பரிதாபம் வரவேண்டும், வரவில்லை. வந்தது கோபம். மூக்கு முட்டக் கோபம். கோபத்தோடு கோபமாகச் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"என்ன சிரிப்பு?" என்றார் அவர்.

"இதுக்கா? இதுக்குத்தானா கதவச் சாத்திக்கிட்டீங்க?"

"நீ பயந்துருவேன்னு நினைச்சேன்."

"நான் உங்களுக்கு என் மேல கோவம்னு நினைச்சேன்."

"எதுக்குக் கோவம்?"

"நான்தானே கண்ணாடி கோணலா இருக்குன்னு சொன்னேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கோணலாத்தானே இருந்தது" என்றார்.

எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டாள், எத்தனை வேண்டுதல், எத்தனை அழுகை. மனிதர் எல்லாவற்றையும் ஒரு வார்த்தையில் பெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆண்பிள்ளைகளிடம் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டு வாங்குவதற்குள் பெண்களுக்குப் பாதி ஆயுசு போய்விடுகிறது. அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது.

"குடும்ப வழக்கை வீட்டுல போய்த் தீத்துக்குங்க. இப்பக் கண்ண அசைக்காதீங்க" என்றாள் கண்காரம்மா. உருண்டையில் தேன் நிறம் மறுபடி மலர்ந்திருந்தது. இப்போது அவர் கண் அசையவே இல்லை. கருப்புக் குச்சியை எடுத்தவள், அவர் கண்ணைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். கருப்புக் கண்ணா இருந்தா பொட்டு சுருங்கறதும் விரியறதும் யாருக்கும் தெரியாது, நடு அளவுல வெச்சுட்டுப் போயிடலாம். உங்களுது பூனைக்கண்ணு. நல்லாத் தெரியும். கண்ணாடிக் கண்ணு சுருங்காது, விரியாது, நான் வெக்கறதுதான் கடைசி வரைக்கும். கடையில பளிச்சுன்னு வெளிச்சம் இருக்கும், அங்க ஜோடி பொருந்தணும்னா சின்னதா வைக்கணும். வீட்டுல பொருந்தணும்னா பெருசா, இப்ப இருக்கற மாதிரி. கடைக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்கு" என்றார் அவர்.

"கடைக்கு" என்றாள் அவள்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. கண்காரம்மா உருட்டிக்கொண்டே இருந்தாள். "ஒரு கண்ணுக்கு ஒரு பொட்டுதான் உண்டு. சீக்கிரம் பேசி முடிங்க. இது காத்திருக்காது."

"வீட்டுல இவதானே பாக்கறா. கடைக்கு வர்றவன் என் கண்ணப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன" என்றார் அவர்.

அவளுக்கு ஒரு நிமிடம் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இத்தனை நாள் இதற்குத்தானே ஏங்கினாள். இதோ, வேறு யாருக்கும் இல்லை, உனக்காக ஒரு கண் என்கிறார். சரி என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாய் ஏன் வேறு எதையோ சொல்கிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"வீட்டுல எதுக்குக் கண்ணு? அதையும் எனக்காகப் போட்டுக்கிட்டு உக்காரணுமா? வாசப்படி ஏறினதும் கழட்டி வெச்சிருங்க. கருப்புக் கண்ணாடியும் வேண்டாம், கதவும் சாத்த வேண்டாம். கடைக்கே போடச் சொல்லுங்க."

சுடர் உஸ்ஸென்று எரிந்தது. அவர் அவளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கண்காரம்மாவிடம், "அவ சொன்ன மாதிரியே வைங்க" என்றார்.

பொட்டு சின்னதாக விழுந்தது. அதன்மேல் நீர்த்துளி போலத் தெளிந்த கண்ணாடியை உருக்கி மூடினாள் கண்காரம்மா. வெள்ளையில் சிவப்பு இழைகளைத் தலைமுடியைவிட மெல்லியதாக இழுத்து நரம்பு போட்டாள். உருண்டையின் முதுகை இளக்கி, குழாய் வழியே மூச்சை உள்ளே இழுத்தாள். அது குழிந்து, கிண்ணம் மாதிரி சப்பையானது. குழாயிலிருந்து அதைப் பிரித்து, சூடான தகர டப்பாவுக்குள் மூடி வைத்தாள். ஆறும் வரை மூவரும் காத்திருந்தார்கள். அவள் கப்பலுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகும்படி யாரும் சொல்லவில்லை.

ஆறியதும் கண்காரம்மா அதைத் தண்ணீரில் அலசி எடுத்தாள். "முதல் தடவ நானே போட்டு விடறேன். நீங்க வேணும்னா வெளிய நில்லுங்கம்மா, சில பேருக்குப் பாக்க முடியாது."

அவள் எழுந்தாள். பழக்கதோஷம், எட்டு மாதமாக வெளியே நின்ற கால்கள்.

"எங்க போற?" என்றார் அவர். "கையக் கழுவிட்டு வா. நீயே போடு."

கழுவிவிட்டு வந்தாள். கண்காரம்மா அவள் உள்ளங்கையில் அதை வைத்தாள். முட்டை ஓட்டைவிட லேசாக, இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தேன் நிறத்தில் அவளை நிமிர்ந்து பார்த்தது. மேல் பக்கம் எது, கீழ்ப் பக்கம் எது, மூக்குப் பக்கம் எது, ஒன்றும் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். கண்காரம்மா சொல்ல வாயெடுத்து, என்ன நினைத்தாளோ, சுடரை அணைக்கப் போய்விட்டாள்.

"எப்படிப் போடறதுன்னே தெரியலங்க" என்றாள் அவள்.

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டுக்கொண்டார். வெளிச்சம் விழும்படி முகத்தைத் தூக்கிக் காட்டினார். அந்த இமையைத் தன் விரலாலேயே விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் பாத்துப் போடு" என்றார். "நான் எங்க போயிடப் போறேன்?"