ஆயிரத்து முந்நூற்று நாற்பது நிமிடங்கள்

மார்லிஸ் ஹால்வர்சனின் கோட்டில் 'தன்னார்வலர்' என்ற ஒட்டுச்சீட்டு எப்போதும் இருக்கும். பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் கொடுக்கிற சீட்டு அது. மற்ற பெற்றோர் வெளியே வரும்போது அதை உரித்துக் குப்பையில் போடுவார்கள். மார்லிஸ் அதோடு கடைக்குப் போவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே அதோடு வந்துவிட்டு, எடுக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். எல்ம் ரிவர் ஊர்க்காரர்கள் நம்பியதுபோல் தலையாட்டினார்கள்.

பெற்றோர் சங்கத் தலைவி அவள். வாசிப்புக் குழுவுக்கும் தலைவி. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மார்லிஸ் ஊரான் பிள்ளைகள் முந்நூற்றுப் பத்துப் பேருக்கு ஊட்டினாள். அவள் பிள்ளை பிரிட்டாவும் தானாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அம்மா சமையலறை மேசையில் அட்டை எழுத்துகளை வெட்டி வெட்டி அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கீழே விழுகிற துண்டுகளைப் பொறுக்கிப் பொம்மை செய்வாள். அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று அவளும் கேட்டதில்லை, மார்லிஸும் சொன்னதில்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிப்ரவரி என்றால் பள்ளிகளில் வாசிப்பு மாதம். பிள்ளை தினமும் வீட்டில் எத்தனை நிமிடம் படித்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை தாள் பள்ளிக்குப் போகும். அதை யாரும் சரிபார்ப்பதில்லை. பெற்றவர்களின் கையெழுத்தைச் சந்தேகிப்பது அந்த ஊரில் மரியாதையில்லாத காரியம்.

ஹால்வர்சன் வீட்டுத் தாள் வாரம் முழுக்கக் குளிர்பெட்டிக் கதவில் வெறுமையாகத் தொங்கும். வெள்ளிக்கிழமை காலை, பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் கார் வரிசையில் நிற்கும்போது, மார்லிஸ் அதை ஸ்டீயரிங் மேல் வைத்து ஏழு நாளையும் நிரப்புவாள். திங்கள் நீலப் பேனா, செவ்வாய் கறுப்பு, சனிக்கிழமைக்குப் பென்சில். கள்ளத்தனத்திலும் அவள் சிரத்தைக்காரி.

"அம்மா, கொஞ்சம் கம்மியா போடும்மா," என்றாள் பிரிட்டா பின் சீட்டிலிருந்து.

"ஏன்? தலைவியோட பொண்ணு நாப்பதாவது எடத்துல நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஜெயிச்சா எல்லார் முன்னாடியும் படிக்கணுமே."

"வெக்கப்படக் கூடாது கண்ணு. எறங்கு, பின்னாடி கார் நிக்குது."

ஜெயித்தவர் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் மார்லிஸுடையதுதான். முன்பெல்லாம் வெற்றி பெற்ற பிள்ளைக்கு ஒரு பீட்சா கூப்பன் கொடுத்து அனுப்புவார்கள். அது கேவலமாக இருப்பதாக மார்லிஸுக்குப் பட்டது. இந்த வருடம் வெற்றியாளர், பள்ளியின் உள்விளையாட்டுக் கூடத்தில், அத்தனை பெற்றோர் முன்னிலையில், மழலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் படித்துக் காட்டுவார் என்று அறிவித்தாள். கடைசி வாரத்தில் பல் டாக்டரின் மகள் நெருங்கி வந்துவிட்டாள். மார்லிஸ் ஞாயிற்றுக்கிழமைக்கு நூற்றைம்பது நிமிடம் போட்டாள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது நிமிடங்களுடன் பிரிட்டா ஹால்வர்சன் முதலிடம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஏட்டுச் சுரைக்காய்க்குப் பரிசு உண்டு.

பிரிட்டாவின் ஆசிரியை ஓடெல் நல்லவள். நல்லவள் என்றால் அந்த ஊர் நல்லவள். அங்கே யாரும் யாரிடமும் கசப்பான செய்தியை முகத்துக்கு நேரே சொல்வதில்லை. யாராவது கொண்டுவந்த சாப்பாடு கரிந்திருந்தால் "வித்தியாசமா இருக்கு" என்பார்கள், தட்டைக் காலி செய்வார்கள். அக்டோபரில் ஓடெல், "பிரிட்டாவுக்குக் கற்பனை ரொம்ப அதிகம். படத்தை வச்சே முழுக் கதையும் சொல்லிடறா," என்றாள். மார்லிஸ் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். ஜனவரியில், "வீட்டுல யாராவது கூட உக்காந்து படிச்சா அவளுக்குப் பிடிக்கும்," என்றாள். "எல்லா வீட்டுலயும் அப்படித்தான் செய்யணும், அதுக்குத்தானே நான் கத்தறேன்," என்று மார்லிஸ் அதைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் குறித்துக்கொண்டாள்.

வெற்றியாளர் பெயர் வெளியான அடுத்த வாரம், விழாவுக்கு முதல்நாள் வியாழக்கிழமை மதியம், ஓடெல் கூடத்துக்கு வந்தாள். மார்லிஸ் ஏணி மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மார்லிஸ், கொஞ்சம் எறங்கி வர்றீங்களா?"

"சொல்லுங்க, காது கேக்குது."

"எறங்கி வாங்க."

மார்லிஸ் இறங்கினாள். ஓடெல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பிரிட்டாவுக்குப் படிக்க வரலை. ஒண்ணாம் வகுப்புப் பாடத்துலயே திக்கறா. நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவளைப் படிக்க உக்கார வைக்காதீங்க."

மார்லிஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். "இத்தனை மாசம் ஏன் சொல்லலை?"

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். உங்க காதுல விழற மாதிரி சொல்லலை. அது என் தப்பு."

"தினமும் படிக்கிறோமே, தாளைப் பாத்தீங்களா?"

ஓடெல் பதில் சொல்லவில்லை. அந்த ஊரில் அதைவிடப் பெரிய அடி கிடையாது. மார்லிஸின் முகம் காதுவரை சிவந்தது.

"தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்லிடலாம்," என்றாள் ஓடெல் மெதுவாக. "ரெண்டாவதா வந்த பொண்ணு படிக்கட்டும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். ராத்திரி இருபது நிமிஷம் நீங்க அவ கூட உக்காருங்க. கோடைக்குள்ள மத்த பிள்ளைங்களை எட்டிப் புடிச்சிடுவா, கெட்டிக்காரப் பொண்ணு."

தாயாக இருந்தவள் அந்த இடத்திலேயே சரி என்றிருப்பாள். மார்லிஸ் தலைவியாக இருந்தாள். செய்திமடலில் பிரிட்டாவின் படம் போய்விட்டது. வாசலில் பெயர்ப்பலகை நிற்கிறது. பல் டாக்டரின் மனைவி வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டாள். "பாவம், குழந்தை எப்படி இருக்கா?" என்பாள், அது போதும்.

"ஒரு நாள் இருக்கே. நான் பாத்துக்கறேன்," என்றாள் மார்லிஸ், ஏணியில் ஏறிக்கொண்டே.

அன்று சாயங்காலம் நிஜமாகவே உட்கார்ந்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும். இருப்பதிலேயே சின்னப் புத்தகமாக எடுத்தாள். குளிர்காலத்தில் தூங்க மறுக்கிற ஒரு கரடிக்குட்டியின் கதை, பக்கத்துக்கு ஒரு வரி. பிரிட்டா முதல் இரண்டு வார்த்தைகளைத் தாண்டி மூன்றாவதில் நின்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், எழுத்து அங்கே இருப்பதுபோல.

"புத்தகத்தைப் பாரு. என்ன இது? இதுகூடவா வரலை?"

"நீ சொல்லித் தரலையே."

மார்லிஸ் பதில் சொல்ல வாயெடுத்தபோது தொலைபேசி அடித்தது. நாற்காலி வாடகைக்காரன். எண்பது கேட்டதற்கு அறுபதுதான் இருக்கிறதாம். அதோடு நூற்றிருபது இனிப்புக் கட்டிகள் அடுப்பிலிருந்து வந்து வெட்டக் காத்திருந்தன. மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருந்தது. அந்த மாதத்திலேயே நிஜமான நிமிடங்கள் அவைதான். பிறகு இனிப்பை வெட்டியபடியே மார்லிஸ் புத்தகத்தை ஒருமுறை உரக்கப் படித்தாள். "மனசுல வச்சுக்கோ, போதும்," என்றாள். கணவன் டேல், "பாவம், விட்டுடேன்," என்றான். "நீ ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்திருக்கியா?" என்று அவள் கேட்டாள். அவன் கராஜுக்குப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. மழலை வகுப்புப் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மார்லிஸ் ஒலிவாங்கியில், பிள்ளைகளின் வெற்றி பெற்றோரின் கையில்தான் இருக்கிறது என்று ஆறு நிமிடம் பேசினாள். பிரிட்டா புது உடுப்பில் வந்து பெரிய நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள்.

அம்மா படித்ததில் அவள் மனதில் நின்றது ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். படத்தைப் பார்த்தாள்.

"கரடிக்குட்டி தூங்கலை," என்று தொடங்கினாள். "அதோட அம்மா வெளிய போயிருக்கா. காட்டுல எல்லாருக்கும் தேன் குடுக்கணும். தூங்கிட்டா அம்மா வர்றது தெரியாம போயிடும்னு குட்டி முழிச்சிக்கிட்டே இருக்கு."

பக்கத்தைத் திருப்பினாள். "இப்பவும் அம்மா வரலை. குட்டி நிலா கிட்ட கேக்குது, எங்கம்மாவைப் பாத்தியான்னு."

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். பெற்றோரில் சிலர் காலணியைப் பார்த்தார்கள், சிலர் மேலே கூடைப்பந்து வளையத்தைப் பார்த்தார்கள். கரடிக்குட்டிக் கதை அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. அப்படியே கடைசிப் பக்கம்வரை போய்க் கைதட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ள அவர்களால் முடியும்.

ஆனால் முன்வரிசையில் வில்லா என்று ஒருத்தி இருந்தாள். ஐந்து வயது. ஊர் மரியாதை இன்னும் படியாத வயது. அவள் முழங்காலில் எழுந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"அங்க அப்படிப் போடலை," என்றாள். "'குட்டிக்கு மூக்கு குளிருது'ன்னு போட்டிருக்கு."

பிரிட்டா நிறுத்தினாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. அடுத்து என்ன செய்வது என்று கேட்கிற பார்வை அது.

மார்லிஸ் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக எடுத்தாள். "எவ்வளவு கற்பனை பாருங்க நம்ம சாம்பியனுக்கு. எல்லாரும் கைதட்டுங்க." தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள், நிறுத்தினால் பேச வேண்டியிருக்குமே என்று.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் வில்லா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாது," என்றாள் பிரிட்டா.

"கீழ வா. நான் காட்டறேன்."

பெரிய நாற்காலியிலிருந்து சாம்பியன் இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். வில்லா எழுத்துக்கு அடியில் விரலை வைத்தாள். மார்லிஸ் பார்த்தாள். பிரிட்டாவின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. ஒரு வார்த்தை வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை மார்லிஸ் இதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஒலிவாங்கியை வைத்துவிட்டு அவர்களை நோக்கி நடந்தாள். இன்னும் நாலு எட்டுதான்.

"மார்லிஸ்," என்று பல் டாக்டரின் மனைவி பின்னாலிருந்து இனிமையாகக் கூப்பிட்டாள். "இனிப்புக்குத் தட்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

மார்லிஸ் ஒரு கணம் நின்றாள். பிறகு, "இருங்க, நான் எடுத்துத் தர்றேன்," என்று சொல்லித் திரும்பிப் போனாள்.