செவ்வாய்க்கிழமை ஐஸ் பை

கார்லண்ட் ப்ரூவிட் எதற்காகச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பை ஐஸ் வாங்குகிறான் என்பது நேடீனுக்குப் பிடிபடவே இல்லை.

ஜூலை மாதமாக இருந்தால் அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். இது நவம்பர். காலையில் கார் கண்ணாடியில் படிந்திருக்கும் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. கார்லண்ட் விஸ்கியில் ஐஸ் போட்டுக் குடிக்கிறவனும் இல்லை. யாராவது போட்டால், "அப்படியே ஆரஞ்சு ஜூஸும் ஊத்திக்கோயேன்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுகிறவன். போதாக்குறைக்கு, அவன் வீட்டு ஃபிரிட்ஜ் தானே ஐஸ் செய்து கதவிலுள்ள துவாரம் வழியாகக் கொட்டும்.

நேடீன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவள். மெயின் ஸ்ட்ரீட்டில் உள்ள பழைய வங்கிக் கட்டடத்தில் லிஃப்டின் இரும்புக் கயிறுகளை மாற்றும் வேலை நாலு வாரமாக நடக்கிறது. மூன்றாம் மாடிக்கு மேலே இருக்கும் இயந்திர அறையின் சின்ன ஜன்னலிலிருந்து பார்த்தால், எதிரே ஹேச்சர் மதுக்கடையின் முன்வாசல் அப்படியே தெரியும். நாலு செவ்வாயும் ஒன்பதே காலுக்கு கார்லண்ட் அந்த வாசலுக்குள் போனான். வெறுங்கையோடு வெளியே வந்தான். கடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். இரண்டு நிமிஷம் கழித்துத் தோளில் ஐஸ் பையோடு திரும்பி வந்து, அதைத் தன் பிக்கப் வண்டியின் பின்னால் போட்டுவிட்டு அவசரமாகக் கிளம்பினான்.

"மான் அடிச்சிருப்பான்" என்றார் அவள் கணவர் க்ளீட், இரவுச் சாப்பாட்டில் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. "சீசன்தானே. கறி கெடாம இருக்க வேண்டாமா?"

"துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூட அவனுக்குத் தெரியாது."

"அப்போ முட்டி வலியா இருக்கும். ஒத்தடம்."

"பத்து பவுண்டு ஐஸாலயா? அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும் வர்ற முட்டி வலி."

க்ளீட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நேடீன், ஒரு வருஷம் ஆச்சு. ஒரு பாட்டில் விஸ்கி. விட்டுடேன்."

"பாட்டிலை எப்பவோ விட்டாச்சு" என்றாள் நேடீன். "அவனைத்தான் விடல."

போன நவம்பரில் நடந்தது இது. 'விடோ ஹார்கிஸ்' என்று ஒரு போர்பன் விஸ்கி. பதினேழு வருஷம் பீப்பாயில் கிடந்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் கொஞ்சமாக வெளியே வரும். மொத்த வியாபாரி அதைத் தன் இஷ்டப்படிதான் பங்கு பிரித்துக் கொடுப்பான். இந்த மாவட்டத்துக்கு ஒரே ஒரு பாட்டில். போன வருஷம் அது ஹேச்சர் கடைக்கு வந்தது. ஹேச்சரும் முந்தின நாளே அதை வாசலில் எழுதி ஒட்டிவிட்டார். நேடீன் விடியற்காலை ஐந்து மணிக்கே மடக்கு நாற்காலியோடு போய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். இரண்டாவது ஆள் கார்லண்ட். எட்டரை மணிக்கு அவனுக்கு ஒரு அழைப்பு வந்தது. "என்னது? வண்டியில உடைஞ்சிருச்சா? அப்போ இங்க ஒண்ணும் இல்லையா? ஷெல்பிவில்ல பன்னெண்டு பாட்டிலா? சரியான விலாசம் சொல்லு" என்று வாய்விட்டுப் பேசி, அந்த விலாசத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். போனின் மறுமுனையில் யாருமே இல்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஷெல்பிவில் ஊருக்கு நாற்பது நிமிஷம் ஓட்டிப் போய் அவள் இறங்கிய இடம் ஒரு டயர் கடை. அதற்குள் ஹேச்சர் கதவைத் திறந்து, வரிசையில் முதலில் நின்ற கார்லண்டுக்கு பாட்டிலை விற்றிருந்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கார்லண்ட் வீடு விற்கும் தரகன். பேச்சுதான் அவன் தொழில். காலைப் பலகாரக் கடையில் அந்தக் கதையை அவன் சொல்லாத மேஜை இல்லை. ஒரு வாரத்தில் நேடீனுக்குப் பெயரே 'ஷெல்பிவில்' என்றாகிவிட்டது. "ஷெல்பிவில்ல மழையாம்மா?" என்று கேட்பார்கள். நீதிமன்றக் கட்டடத்து லிஃப்டில், அவளே பொருத்திய பித்தளைத் தகட்டில், மூன்றாம் மாடிப் பொத்தானுக்குப் பக்கத்தில் எவனோ 'ஷெல்பிவில்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தான். அதை நகத்தால் சுரண்டி எடுத்தவள் எறிந்துவிடவில்லை. கருவிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டாள். ஸ்பேனரை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட வேண்டும் என்று.

இந்த வருஷம் ஹேச்சர் உட்பட எந்தக் கடைக்காரரும் முன்கூட்டிச் சொல்வதாக இல்லை. வரிசையும் சண்டையும் அவர்களுக்கு அலுத்துப்போய்விட்டன. எந்தக் கடைக்கு என்ன வருகிறது என்பது பெட்டியை உடைக்கும்வரை அவர்களுக்கே தெரியாது. உடைத்ததும் அப்போது கடையில் நிற்கிறவருக்கு விற்றுவிடுவார்கள். சரக்கு வண்டியின் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் விற்பதில்லை என்று மாவட்டத்தின் ஏழு கடைக்காரர்களும் பேசி வைத்திருந்தார்கள். ஆக, வண்டிக்கு முன்னால் கடைக்குள் இருக்க வேண்டும். ஏழு கடையில் எந்தக் கடை என்று தெரிந்திருக்க வேண்டும்.

கார்லண்டுக்குத் தெரிந்திருந்தது. நாலு செவ்வாயில் நாலு அரிய பாட்டில், நாலு வெவ்வேறு கடையில். ஒவ்வொரு தடவையும் வண்டி வருவதற்கு முன்பே கல்லாப் பக்கம் சாய்ந்து நின்றுகொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தானாம். இப்படியே போனால் விடோ ஹார்கிஸும் அவனுக்குத்தான்.

லிஃப்ட் நின்றுபோனால் நேடீன் உடனே கழற்றத் தொடங்க மாட்டாள். முதலில் உள்ளே ஏறி நின்று, பயணி அழுத்தும் பொத்தானையே தானும் அழுத்திப் பார்ப்பாள். ஐந்தாவது செவ்வாய்க்கிழமை அதைத்தான் செய்தாள். கார்லண்ட் கிளம்பிப் போன மறு நிமிஷம் தெருவைக் கடந்து ஹேச்சர் கடைக்குள் போய், "ஒரு பை ஐஸ்" என்றாள்.

கல்லாவில் இருந்த பெண் காசை வாங்கிக்கொண்டு, "ஐஸ் பெட்டி பின்னால வெளிய இருக்கு. நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள்.

நேடீன் பின்னால் போனாள். பெரிய இரும்புப் பெட்டி சரக்கு இறக்கும் வாசலை ஒட்டி நின்றது. கதவைத் திறந்து ஒரு பையைத் தூக்கினாள், நிமிர்ந்தாள். நாலடி தூரத்தில் மொத்த வியாபாரியின் லாரி, பின்கதவு மேலே சுருட்டப்பட்டு, வாயைத் திறந்தபடி நின்றது. ஓட்டுநர் உள்ளே கையெழுத்து வாங்கப் போயிருந்தார்.

ஐஸ் கை விரல்களை மரத்துப்போகச் செய்யும்வரை அவள் லாரிக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உள்ளே சரக்கு அடுக்கு அடுக்காக வரிசையில் இருந்தது. ஒரு கடைக்கு ஒரு அடுக்கு. கடைசியாக இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுவார்கள். அதனால் அடுத்த கடையின் அடுக்கு கதவோரத்திலும், கடைசிக் கடையின் அடுக்கு ஆழத்திலும் இருக்கும். அரிய பாட்டில்களைக் கிடங்கில் கம்பிக்கூண்டுக்குள் பூட்டி வைப்பார்கள். அவற்றை முத்திரையிட்ட சிவப்பு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, நசுங்காமல் இருக்க அடுக்கின் உச்சியில் வைப்பார்கள். அன்று சிவப்புப் பெட்டி கதவிலிருந்து ஐந்தாவது அடுக்கின் மேல் இருந்தது. ஹேச்சருடையது இறங்கிவிட்டது, ஆகவே மீதியில் ஐந்தாவது கடை. லாரி செவ்வாய்தோறும் ஒரே வரிசையில்தான் ஏழு கடைக்கும் போகும். ஐஸ் வாங்குகிறவன் விரல்விட்டு எண்ணினால் போதும்.

கார்லண்டுக்கு ஐஸ் வேண்டியிருக்கவில்லை. அங்கே நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் நேடீன் நாற்சந்தியிலிருக்கும் மிஸ் இமொஜினின் கடைக்குப் போனாள். எழுபது வயதுக்காரர், கணவர் போன பிறகு தனியாகவே கடையை நடத்துகிறவர். வண்டி ஹேச்சரை முடித்துக்கொண்டு அடுத்ததாக வருவது அவர் கடைக்குத்தான்.

"மிஸ் இமொஜின், கார்லண்டைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"அந்தப் பயலா? போன கிறிஸ்மஸுக்கு என் கடைசி நல்ல பாட்டிலை வாங்கிட்டு, வாசல்லயே நின்னு மூணு மடங்கு விலைக்கு வித்தான். என் வாசல்ல. நான் பார்த்துட்டு இருக்கேன்னு தெரிஞ்சே."

"எனக்கு ஒரு சின்ன உதவி வேணும். ஒரே ஒரு போன்."

சொன்னதைக் கேட்டு இமொஜின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"பொய் சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பேன், கண்ணு" என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடோ ஹார்கிஸ் வரும் நாள். மொத்த வியாபாரி தேதியை மட்டும் சொல்லியிருந்தான், கடையைச் சொல்லவில்லை. ஒன்பதே காலுக்கு கார்லண்ட் ஹேச்சர் கடையின் பின்பக்கம் வந்தபோது, நேடீன் ஏற்கெனவே ஐஸ் பெட்டியின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

"அட, ஷெல்பிவில்" என்றான். "இந்தக் குளிர்ல ஐஸா?"

"நீ வாராவாரம் வாங்குறியே. ருசியா இருக்கும்போலன்னு வந்தேன்."

அவன் லாரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது. முகம் ஒரு கணம் சுருங்கி மறுபடி விரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டியா. கெட்டிக்காரிதான். இதுக்கு ஒரு வருஷம் ஆச்சாக்கும்?"

"ஆறு வாரம்."

"எண்ணத் தெரியுமில்ல, செல்லம்?"

"மாடி எண்ணித்தான் இருபது வருஷமா சோறு திங்கிறேன்."

சிவப்புப் பெட்டி கதவிலிருந்து மூன்றாவது அடுக்கின் மேல் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"உன் ஓட்டை வேன் கிளம்புறதுக்குள்ள நான் அங்க போய்க் காபி குடிச்சு முடிச்சிருப்பேன்" என்றான் கார்லண்ட். "பின்னாலயே வா. பாட்டிலைத் தொட்டுப் பார்க்க விடுறேன்."

"போயேன். யாரு தடுத்தா?"

அவன் ஐஸ் பையைக்கூட எடுக்கவில்லை. பிக்கப் தெருமுனையில் இடது பக்கம் திரும்பி, ஹேச்சருக்கு அப்புறம் மூன்றாவதான ஆற்றங்கரைக் கடையை நோக்கிப் பறந்தது. நேடீன் வேனில் ஏறி, இருக்கைப் பட்டையை மாட்டி, கண்ணாடியைத் துடைத்து, வலது பக்கம் திரும்பினாள். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பர்லுடைய மதுக்கடைக்கு.

பர்ல் அதிகம் பேசாதவர். "என்ன வேணும் மேடம்?"

"இன்னும் வரல. நிக்கலாமா?"

"நிக்கிறதுக்கு நான் வரி போடுறதில்ல."

ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றாள். பலகாரக் கடையில் வழக்கமாக உட்காரும் இருவர் சிகரெட் வாங்க வந்தவர்கள், "ஷெல்பிவில், இங்க என்ன பண்றே?" என்றார்கள். "கொஞ்சம் இருங்க" என்றாள். வேலையில்லாதவர்கள், இருந்தார்கள்.

லாரி வந்தது. ஓட்டுநர் அடுக்கை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். உச்சியில் சிவப்புப் பெட்டி. பர்ல் முத்திரையை வெட்டிக்கொண்டிருக்கும்போது, வாசலில் பிக்கப் கிறீச்சென்று நின்றது. ஆற்றங்கரைக் கடையில் சிவப்புப் பெட்டி இல்லாமல் ஒரு அடுக்கு இறங்கியதைப் பார்த்துவிட்டு, லாரியை விடாமல் துரத்தி வந்திருந்தான் கார்லண்ட்.

"பர்ல், அது எனக்கு. என்ன விலைன்னாலும் சரி."

பர்ல் நிமிரவே இல்லை. "வண்டி பின்னால வந்தவனுக்கு விக்கிறதில்ல. உனக்குத் தெரியும்." பாட்டிலை எடுத்து நேடீனின் முன்னால் வைத்தார். "மேடம்தான் முதல்ல நின்னாங்க."

நேடீன் கிரெடிட் கார்டை நீட்டினாள். அவசரப்படவில்லை. ரசீதை முழுவதும் படித்தாள், மடித்தாள், பையில் வைத்தாள். சிகரெட்காரர்கள் இருவரும் கார்லண்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாளைக் காலை எந்த மேஜையில் உட்காருவார்கள், எதைச் சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் கழுத்து சிவந்துகொண்டே போனது.

"மூணாவதுதான். நான் சரியாத்தான் எண்ணினேன்" என்றான். "ஓட்டுநருக்கு என்ன குடுத்தே?"

"அவர் பேருகூட எனக்குத் தெரியாது."

"அப்புறம் எப்படி? சொல்லு. எப்படி?"

"டயர் கடையில விசாரிச்சுப் பாரு" என்றாள் நேடீன்.

பாட்டிலை இடுக்கிக்கொண்டு, அவன் பிடித்திருந்த கதவு வழியாகவே வெளியே போனாள். அவனுக்கு அவள் கடைசிவரை சொல்லவில்லை.

மிஸ் இமொஜின் மொத்த வியாபாரிக்குப் போன் செய்து, தன் கடைக்குச் சரக்கை இனிமேல் காலையில் வேண்டாம், மத்தியானம் கடைசியாகக் கொண்டுவந்தால் போதும் என்று கேட்டிருந்தார். எந்தக் கடைக்காரரும் கேட்கலாம், கேட்டால் மாற்றித் தருவார்கள். ஹேச்சருக்கு அடுத்ததாக இருந்த அவர் கடை வரிசையின் கடைசிக்குப் போனது. மற்ற ஐந்து கடையும் ஒவ்வொரு இடம் முன்னால் நகர்ந்தன. அதனால் பழைய வரிசைப்படி எண்ணுகிறவன், சிவப்புப் பெட்டி எந்த அடுக்கின் மேல் இருந்தாலும், போக வேண்டிய கடைக்கு ஒரு கடை முன்னால் போய் நிற்பான்.