அகன்ற துடுப்பு

உல்லோரியாக்கின் புதுத் துடுப்பைப் பார்த்ததிலிருந்து அவன் அக்கா நாயாராக்கின் வாய் ஓயவில்லை.

"நூக் பட்டணத்துக்குப் போய் இதையாடா வாங்கிட்டு வந்தே? வாசல்ல பனி அள்ளவா?"

"உன் குச்சியவிட ரெண்டு மடங்கு தண்ணி தள்ளும். முடிஞ்சா பின்னாலயே வா."

ஆளுக்கொரு கயாக்கில், அந்த ஒற்றை ஆள் ஒடுங்கிய படகில், கடலில் இறங்கியதும் சொன்னபடியே முந்தினான். அக்காவுடையது அவள் கையளவுக்குச் செதுக்கிய ஒல்லி மரம். மெல்லத்தான் வேகம் பிடிக்கும். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. சீல் பிடிக்க விரித்த வலைக்குக் குறுக்கு வழி என்று இரண்டு பனிப்பாளங்களுக்கு நடுவே நுழைந்துவிட்டான் மடையன்.

காற்று திரும்பியது. பாளங்கள் நெருங்கின. எந்தப் பக்கம் வீசினாலும் அகன்ற துடுப்பு பனியில் இடித்தது. இளகிய பனி வேறு. ஏறினால் உடையும், தள்ளினால் விலகாது. அவன் மேலங்கியோ கயாக்கில் உட்காரும் ஓட்டையின் விளிம்போடு இறுக்கிக் கட்டியிருந்தது; வெளியே வரவும் முடியாது.

"அக்கா! மாட்டிக்கிட்டேன்!"

"அசையாதடா! வந்துட்டேன்!"

அதற்குள் பாளம் ஒன்று படகின் விலாவில் நெட்டியது. கயாக் கவிழ்ந்து அவன் தலைகீழாகத் தொங்கினான்.

கவிழ்ந்தால் நிமிர்வது அவனுக்குக் கைவந்த வேலை. ஒல்லித் துடுப்பில் பழகிய கை தானாகத் துடுப்பின் நுனிக்கு வழுக்கிப்போனது. அதுதான் வினை. ஒல்லித் துடுப்பில் இரண்டு முனையும் ஒரே வாட்டம். எங்கே பிடித்தாலும் தாங்கும். இதிலோ இரு முனைகளின் அகன்ற தட்டுகளும் ஒன்றுக்கொன்று குறுக்கே திரும்பியிருந்தன. அழுத்தினான், தட்டு தண்ணீரை அறுத்துக்கொண்டு கீழே போனது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் அதே கதி. குளிரில் மண்டை பிளந்தது. மேலே பனி இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. கைகள் ஓய்ந்துவிட்டன.

மேலிருந்து ஓர் ஒல்லித் துடுப்பு இறங்கி அவன் தோளில் இடித்தது. பிடித்தான். மறுமுனையை அக்கா தன் கயாக்கின்மேல் அழுத்திக்கொள்ள, இடுப்பைச் சுழற்றி எழுந்தான்.

ஒல்லித் துடுப்பைக் கயாக்கின் பக்கத்தோடு ஒட்டிப் போட்டே அவள் அந்த இடுக்குக்குள் வந்திருந்தாள். இருவரும் பனியைக் கையால் உந்திப் பின்னால் நகர்ந்தார்கள். அவன் அக்காவின் துடுப்பை விடவே இல்லை. அதனால் பனியில் சிக்கிக்கிடந்த புதுத் துடுப்பை எடுத்து, அவன் கயாக்கைக் கயிற்றில் கட்டி, கரைவரை அவளே இழுத்தாள். தண்ணீரை அது நன்றாகத்தான் தள்ளியது.

கரையிலும் அவன் விரல்கள் பிரியவில்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏதாவது திட்டேன்க்கா," என்றான்.

"உன் படகு மூணு தடவை ஆடுச்சு. எண்ணிக்கிட்டே வந்தேன்." அவன் விரல்களைத் தேய்த்துவிட்டாள். "அப்புறம் அது ஆடலடா."