சூடான இஞ்சினுக்கு சோக்

பெட்ரோல் மிச்சமாகும் என்று, ஓடாலிஸ் அக்காவுக்குத் தெரியாமல் நான் ஓட்டும் அவளுடைய ஐம்பத்து மூன்றாம் வருட செவர்லே டாக்ஸியில், இஞ்சினுக்குப் பெட்ரோலைக் குறைவாக விடும் லாடா காரின் சின்ன கார்புரேட்டரை மாட்டியிருந்தேன். ஹவானாவில் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் பலரும் செய்வதுதான். சமதளத்தில் யாருக்கும் தெரியாது.

இன்று அவளே முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். வண்டியை என்னிடமே விடுவதா, கொழுந்தனிடம் கொடுப்பதா என்று முடிவு செய்ய வந்திருந்தாள். பின்னால் ஐந்து பேர்.

மேட்டில் பாதி ஏறியதும் இஞ்சின் இருமியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இன்னும் திணறியது.

"இறங்கித் தள்ளச் சொல்லாதப்பா, எனக்குக் குடலிறக்கம்," என்றார் பின்னால் ஒரு பெரியவர். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

வண்டி பின்னால் உருளப் பார்த்தது. வேறு வழியில்லாமல், காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப மட்டும் இழுக்கும் சோக்கைப் பாதி இழுத்தேன். பெட்ரோல் கூடி இஞ்சின் பிடித்துக்கொண்டது. மேலே வந்துவிட்டோம்.

"ஓரமா நிறுத்து," என்றாள் அக்கா. "கொதிக்கிற இஞ்சினுக்கு எதுக்குடா சோக்?"

நிறுத்தினேன். அவளே இறங்கி பானெட்டைத் திறந்தாள்.

"இந்தப் பொம்மையை மாட்டி எத்தனை நாளாச்சு? பெட்ரோல் பத்தாம வால்வு வெந்துபோனா, உன் தலையையா மாட்டுவேன்? பழசு எங்க?"

"டிக்கியில இருக்குக்கா. இப்பவே மாத்திடறேன்."

"என்கிட்ட கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதனாலதான் கேக்கல."

அவள் வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினாள்.