நகப்பூச்சும் நாற்பத்தொன்றாம் பக்கமும்

சேனாபதிக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அனன்யா, பள்ளியின் சியர்லீடிங் அணியில் தேர்வாகிவிட்டதாக வந்து குதித்துச் சொன்ன நாளிலிருந்து, டெக்சாஸ் மாநிலம் ரவுண்ட் ராக்கில் இருக்கும் அவர் வீட்டில் மூன்று வாரமாக மௌன விரதம். மகளோடு மட்டும்தான் விரதம். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தயிர் வேண்டுமா என்பதைக்கூட மனைவி பவதாரணி மூலமாகத்தான் விசாரித்தார்.

"அவளுக்குத் தயிர் வேணுமான்னு கேளு."

"அவ உங்களுக்கு நேரா உக்காந்திருக்கா. நீங்களே கேளுங்களேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? என்னைக் கேட்டுட்டா இந்த வீட்ல எல்லாம் நடக்குது?"

அவர் தரப்பு நியாயம் இதுதான். பந்து விளையாடுகிறவன் விளையாடட்டும், பார்க்கிறவன் பார்க்கட்டும். விளையாடுகிறவனைப் பார்த்துக் கைதட்டுவதற்கு ஒரு தனி அணி, அதற்கு ஒரு கோச், அதற்கு முழங்காலுக்கு வெகு மேலே நின்றுவிட்ட ஒரு பாவாடை, இதெல்லாம் என்ன கண்றாவி? சயின்ஸ் ஒலிம்பியாடில் சேர்ந்திருந்தால் ஊருக்கு போன் போட்டுச் சொல்லலாம். இதை யாரிடம் சொல்வது?

அந்த நேரத்தில்தான் அணியின் விதிப் புத்தகம் மெயிலில் வந்தது. பெற்றோர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று சொல்வதற்காகவே சேனாபதி அதைத் திறந்தார். முதல் பக்கத்தைப் படித்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பவதாரணி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

நகப்பூச்சு கூடாது. தோடு, மோதிரம், கயிறு, எதுவும் கூடாது. தலைமுடி உச்சியில் ஒரே கொத்தாக இருக்க வேண்டும், அதில் கட்டும் ரிப்பன் நேர் நடுவில் நிற்க வேண்டும், சாய்ந்தால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சீருடையில் இருக்கும்போது சூயிங்கம் கூடாது, செல்போன் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, சிவப்பாக எதுவும் சாப்பிடக் கூடாது. கெட்சப்பும் சல்சாவும் அதில் அடக்கம், ஸ்ட்ராபெரிக்குத் தனியே ஒரு வரி இருந்தது. கூட்டத்தில் இருக்கும் பையன்களோடு பேச்சே கூடாது. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது ஸ்கோர்போர்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. எதிரணிக்குத் தெரிகிற மாதிரி அழக் கூடாது. எந்த நிலையிலும் சிரித்த முகம் மாறக் கூடாது. கால் பிசகினால்கூட முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் உதவிக்குக் கையைத் தூக்க வேண்டும்.

சேனாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. இது அமெரிக்காவே இல்லை. இது அவர் படித்த காலேஜ்.

நாமக்கல் பக்கத்தில் பொட்டல்வெளி நடுவே இருந்த அந்த இன்ஜினியரிங் கல்லூரியில் ஆண்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. பஸ்ஸில் இடது பக்கம், வலது பக்கம். துப்பட்டாவின் இரண்டு முனையிலும் பின் குத்தியிருக்கிறதா என்று பார்க்கவே ஒரு மேடம் வாசலில் நிற்பார். மூன்றாம் பாலினம் என்று ஒன்று அங்கே உண்டென்றால் அது வார்டன்தான். அவரால்தான் இரண்டு படியிலும் ஏற முடியும். அந்த நரகத்தில் நான்கு வருடம் பொசுங்கிய சேனாபதி, வெளியே வந்த மறுநாளே அதைத் 'தன்னை உருவாக்கிய இடம்' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நம்மில் பலருக்கு அடி வாங்கிய இடம் ஆறினால் அது பெருமையாகிவிடும்.

முப்பத்தெட்டாம் பக்கத்தோடு 'பெற்றோருக்கு' என்று ஒரு தலைப்பு தொடங்கியது. விதி என்பது பிள்ளைகளுக்கு என்பது சேனாபதி அறிந்தவரை உலக நியதி. எனவே அந்தப் பக்கங்களை வேகமாக உருட்டித் தள்ளிவிட்டு, கடைசியில் இருந்த கட்டத்தில் கையெழுத்தைப் போட்டார்.

மறுநாள் காலை அனன்யா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அவர் குரல் கேட்டது.

"ஷூ லேஸ் டபுள் நாட் போட்டியா? பன்னெண்டாம் பக்கம்."

மூன்று வாரத்தில் மகளிடம் அவர் நேரடியாகப் பேசிய முதல் வாக்கியம் அது. அனன்யா அம்மாவைப் பார்த்தாள், அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. வேலையை வீட்டிலிருந்து பார்க்கிற நாள்களில் மாலை பயிற்சிக்குப் போய், கேலரியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, யார் ரிப்பன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். இருபது வருடமாக சாப்ட்வேரில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனிதர், இங்கே அதை இலவசமாகவே செய்தார்.

பள்ளியில் ஹோம்கமிங் நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய மாணவர்களெல்லாம் திரும்பி வரும் அமெரிக்கக் கால்பந்தாட்டம், ஊரே மைதானத்தில் இருக்கும். அன்று இடைவேளையில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மூன்றடுக்குப் பிரமிடு கட்டுவார்கள். உச்சியில் நிற்கப்போவது அனன்யா. டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளக்கும் ஆகஸ்ட் மாதம் முழுக்க அவள் அதற்காக விழுந்து எழுந்திருந்தாள். தோளிலும் முட்டியிலும் இருந்த சிராய்ப்பை அப்பாவிடம் காட்டவில்லை, காட்ட அப்போது அப்பா பேச்சுவார்த்தையில் இல்லை.

"அப்பா, யூ ஆர் கமிங், ரைட்?" என்று அவள் கேட்டபோது அவருக்கு நெஞ்சு விரிந்தது.

"நான் மட்டுமா? அனந்தராமன் அங்கிள் ஃபேமிலியையும் இன்வைட் பண்ணியாச்சு. ஃப்ரண்ட் ரோ."

இந்த இடத்தில் ஒரு மனிதன் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் நடந்த பயிற்சியில் சேனாபதியின் கண்ணில் பெய்ஸ்லியின் விரல்கள் பட்டன. பெய்ஸ்லி, பிரமிடின் நடு அடுக்கில் நிற்கும் திடகாத்திரமான பெண். அவள் நகங்களில் இளஞ்சிவப்பு. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். சேனாபதி உற்றுப் பார்த்தார், செல்போனில் பெரிதாக்கிப் படமும் எடுத்தார்.

கல்லூரியில் அவர் கிளாஸ் ரெப். யார் யாரோடு கேன்டீன் பின்னால் பேசினான் என்பதை வார்டன் காதில் போட்டால் நல்ல பெயர் கிடைக்கும், இன்டர்னல் மார்க்கில் கை கொஞ்சம் தாராளமாகும். அது காட்டிக்கொடுப்பது இல்லை, பொறுப்பு. அதே பொறுப்போடு அன்று கோச் மார்லீனுக்கு ஒரு மெயில் போட்டார். 'தங்கள் மேலான பார்வைக்கும் தக்க நடவடிக்கைக்கும்' என்பதை அட்சரம் பிசகாமல் ஆங்கிலத்தில் எழுதி, படத்தை இணைத்து, கீழே தன் பெயர், பதவி, போன் நம்பர் எல்லாம் போட்டு அனுப்பினார். இப்படி ஒரு ஒழுக்கமான அப்பாவின் பெண் என்று அனன்யாவின் மதிப்பு ஒரு படி உயரும் என்று நிஜமாகவே நம்பினார்.

மறுநாள் கோச் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தாள். தகவலுக்கு நன்றி. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்க்கவும்.

பார்த்தார். இன்னொரு பிள்ளையின் மேல் புகார் கொடுக்கும் பெற்றோரின் பிள்ளை, அடுத்த ஆட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. முழுச் சீருடையில், முதுகு நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சேனாபதி அதை மூன்று முறை படித்தார். எந்த ஊர் நியாயம் இது? ரிப்போர்ட் பண்ணியவனுக்குத் தண்டனையா? அதுவும் அவனுக்கு இல்லாமல் அவன் பெண்ணுக்கா? புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது அவருடைய கையெழுத்தேதான்.

அன்று மாலை அனன்யா வீட்டுக்கு வந்தாள். கோச் அவளிடம் சொல்லியிருந்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள், மாடிக்குப் போனாள், கதவு மூடிய சத்தம் கேட்டது.

"என்ன பண்ணி வெச்சீங்க?" என்றாள் பவதாரணி. சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பெய்ஸ்லியா? அட மனுஷா, நம்ம பொண்ணோட காலைத் தாங்கிப் பிடிக்கிறதே அந்தக் கைதானே! மூணு மாசமா அவ கீழ விழாம இருக்கறது யாராலன்னு நெனச்சீங்க?"

சேனாபதி நேராகக் கடைக்குப் போனார், ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினார், மறுநாள் பள்ளிக்கூடத்தில் கோச் முன்னால் போய் நின்றார். வார்டனுக்கு அந்தக் காலத்தில் அவருடைய அப்பா இதைத்தான் செய்தார், வேலை நடந்தது. கோச் மார்லீன் பெட்டியைப் பார்த்தாள். வாயில் எச்சில் ஊறியதோ என்னவோ, ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"ப்ளீஸ், அதை ஓபன் பண்ணாதீங்க," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். "ஓபன் பண்ணினா நாற்பத்திரண்டாம் பக்கம், கோச்சுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது. இன்னொரு கேமும் போயிடும்."

மைசூர்பாகை மடியில் வைத்துக்கொண்டு சேனாபதி பார்க்கிங் லாட்டில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் அனந்தராமன் குடும்பம், கையில் பாப்கார்ன்.

"என்ன சேனா, பொண்ணு உக்காந்திருக்கா? உடம்பு சரியில்லையா?"

"இல்ல... ஒரு சின்ன ரூல்."

"ஓ, ரூலா! நீங்கதான் சொன்னீங்களே, ரொம்ப டிசிப்ளின்னு."

இடைவேளையில் பிரமிடு எழுந்தது. இரண்டு அடுக்கு. மூன்றாவதற்கு ஆள் இல்லை. கடைசி நேரத்தில் வடிவத்தை மாற்ற முடியாததால் எல்லோரும் பழகிய இடத்திலேயே நின்றார்கள். பெய்ஸ்லி இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்துத் தூக்கினாள், அனன்யாவின் கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று இருந்தது. நகங்கள் சுத்தமாக இருந்தன. கீழே பெஞ்சில் அனன்யா முதுகை நிமிர்த்தி, பற்கள் தெரிய, விதிப்படி சிரித்துக்கொண்டிருந்தாள். சேனாபதியால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. பக்கத்தில் பவதாரணி மெதுவாகச் சொன்னாள், "நல்லாப் பாருங்க. எல்லாம் ரூல்படிதான் நடக்குது."

இனி வீட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவராக இருந்தால் அதைத்தான் செய்வார். ஒரு மாதமாவது அவள் பேச மாட்டாள். தகும் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அவர் தலையைக் குனிந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அனன்யா இறங்கி வந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கேன் யூ பாஸ் த பொடி?"

சேனாபதி தலையை நிமிர்த்தினார். "நீ எங்கூடப் பேசறியா?"

"ஒய் நாட்?"

"நேத்து... என்னாலதானே..."

"ஒரு கேம் உக்காந்தேன். ஓவர், அப்பா."

"அந்தப் பொண்ணு பெய்ஸ்லி?"

"கிரவுண்டைச் சுத்தி லேப்ஸ் ஓடினா. அவளும் ஓவர். நெக்ஸ்ட் ஃப்ரைடே ஷி ஹாஸ் டு லிஃப்ட் மீ, யூ நோ."

அவருக்குப் புரியவில்லை. "இத்தனை ரூல் இருக்கற இடத்துல உனக்கு என்னம்மா பிடிச்சிருக்கு? நான் நாலு ரூல் போட்டா மூஞ்சியைத் தூக்கிக்கறே."

அனன்யா பொடியில் எண்ணெயைக் குழைத்தாள். எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லித் தப்பிக்கிற பெண், வார்த்தைகளைத் தேடித் தேடித் தமிழில் சொன்னாள்.

"அங்க எல்லாம் எழுதி இருக்குப்பா. என்ன தப்பு, என்ன பனிஷ்மென்ட், எப்போ முடியும், எல்லாம். நம்ம வீட்ல ரூல் என்னன்னு உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் நான் கண்டுபிடிக்கணும். நீங்க பேசாம இருந்தீங்கல்ல, அப்ப டெய்லி மார்னிங் மாடியில நின்னு ஃபர்ஸ்ட் உங்க மூஞ்சியைப் பார்ப்பேன். இன்னிக்காவது முடிஞ்சுதான்னு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அடித்துப் போட்டது. மாடிப்படியில் நின்று தன் முகத்தை எட்டிப் பார்க்கும் ஒரு பெண்ணை அவர் ஒரு காலையில்கூடப் பார்த்ததில்லை, செய்தித்தாளையும் சுவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

"சரி," என்றார். "நானும் சொல்லிடறேன். நம்ம வீட்டு ரூல் என்னென்னன்னு. ஒண்ணாவது ரூல்..."

வாயைத் திறந்தவர் திறந்தபடி இருந்தார். யோசித்துப் பார்த்த விதியெல்லாம் சுற்றி வளைத்து, அப்பாவுக்குப் பிடிக்க வேண்டும் என்ற இடத்திலேயே வந்து நின்றது. அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கே கூசியது.

"ஒண்ணாவது ரூல்," என்று மறுபடி ஆரம்பித்தார். "அப்பா கோவம் ஒரு நாள்தான்."

"ஒன் மீல்."

"ஒரு வேளையா? அது எப்படிப் பத்தும்?"

"ஒரு வேளை போதும்," என்று அடுப்படியிலிருந்து பவதாரணி குரல் கொடுத்தாள். "அதுக்கு மேல எனக்கு மெசேஞ்சர் வேலை பார்க்க முடியாது."

சேனாபதி தோற்றுவிட்டார். மேஜையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அனன்யா, உனக்குத் தயிர் வேணுமா?"

பொடி தோசைக்குத் தயிர் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தட்டை நீட்டினாள்.