அசையாதவருக்கு விளக்கு இல்லை

என் கணவருக்கு ஆபீசில் வைத்த பெயர் சுவிட்ச். நான் வைக்கவில்லை. ஆனால் அது காதில் விழுந்த அன்று வீட்டுக்கு வந்து சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். விலங்கு நலத் துறையில் நான் ஆய்வாளர், அவர் அதே கட்டடத்தின் பராமரிப்பு அதிகாரி. மேலிடத்திலிருந்து பசுமைத் திட்டம் என்று ஒன்று இறங்கியபோது, இதை யார் தலையில் கட்டலாம் என்று எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். இவர் தானாகவே தலையை நீட்டினார்.

எடுத்த வேலையை அரைகுறையாக விடத் தெரியாத மனிதர். காகிதக் கப்புகள் ஒழிந்து ஆளுக்கொரு டம்ளர் வந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாளைக் குப்பையில் போடுகிறவர் அவர் கண்ணில் பட்டால் தொலைந்தார். வீட்டிலும் இதே கதைதான். நான் கண்ணாடி முன்னால் நின்று பின்னலைப் பிரித்துக்கொண்டிருப்பேன், படக்கென்று இருட்டாகிவிடும்.

"உள்ள ஆள் இருக்குங்க!" என்று கத்துவேன்.

"சத்தமே இல்லையே, யாரும் இல்லைன்னு நெனச்சேன்," என்பார், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

அவருடைய பெருமையெல்லாம் கீழ்த்தளத்தில் பொருத்திய சென்சார்கள்தான். அறையில் அசைவு இருந்தால் விளக்கு எரியும், இல்லாவிட்டால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். கூட்ட அறையில் இயக்குநர் அறிக்கை வாசிக்க ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் கல்லாய்ச் சமைந்துவிடுவோம், விளக்கும் அணையும். யாராவது கையைத் தூக்கி ஆட்டுவார்கள். அதைச் சாக்கிட்டு எல்லோரும் ஒரு தடவை சோம்பல் முறித்துக்கொள்வோம். மின்சாரச் செலவு நன்றாகக் குறைந்தது. பசுமை அலுவலகக் கேடயத்துக்கு எங்கள் துறையின் பெயரும் போனது. பார்வையிட ஒரு குழு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் பாபினைப் பறிமுதல் செய்தேன்.

பாபின் ஓர் ஆமை. ஒரு தையல்காரருடையது; மெஷினில் நூல் சுற்றும் பாபினின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். அவர் கடையில் ஒருவர் உள்ளே நுழைய வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அந்த இடத்தில், இஸ்திரி மேசைக்கு அடியில் ஒரு பழைய டிராயருக்குள் அதை வளர்த்துவந்தார். பக்கத்துக் கடைக்காரர் புகார் எழுதிப் போட்டிருந்தார். போய்ப் பார்த்தேன். குளிர்காயச் சூட்டு விளக்கு இல்லை, திரும்பக்கூட இடமில்லை, தீனி பாலில் ஊறவைத்த பன். ஓடு சத்தில்லாமல் ஓரங்களில் மெத்தென்று இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆமைக்கு யாராவது பன் குடுப்பாங்களாய்யா?"

"ஆசையா சாப்பிடுதும்மா. எனக்கும் அதுதானே சாப்பாடு," என்றார்.

நோட்டீஸ் கொடுத்தேன். சூட்டு விளக்கு, பெரிய தொட்டி, கீரை எல்லாம் ஏற்பாடு செய்யட்டும், நான் மறுபடி வந்து பார்ப்பேன், சரியாக இருந்தால், ஆமையும் நலமாக இருந்தால், திருப்பித் தருவோம். அவர் தைத்து முடித்த துணியைக் கொடுப்பதுபோல ஒரு துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். சொன்னதையெல்லாம் செய்தும் வைத்தார். இடம் போதாதென்று இஸ்திரி மேசையையே வெளியே தள்ளிவிட்டு அங்கே தொட்டியை வைத்திருந்தார். மேசை இப்போது நடைபாதையில் இருந்தது. மழை வந்தால் மனிதர் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பக்கம் எல்லாம் சரி. எங்கள் பக்கம்தான் ஆமை நலமாக இல்லை.

கீழ்த்தளத்தில் பறிமுதல் அறை என்று ஒன்று உண்டு. பிடித்துவரும் விலங்குகளை வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் இடம். பாபினுக்கு அங்கே நல்ல அகலமான தொட்டி, நேர் மேலே கூரையில் பொருத்திய சூட்டு விளக்கு, தினம் புதுக் கீரை. ஆனாலும் அது சாப்பிடவில்லை. தலையை வெளியே நீட்டுவதையே விட்டுவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை அனுமதி வாங்கி வந்து பார்க்கும் தையல்காரர், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அவர் சண்டை போட்டிருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்கள் மருத்துவர் வந்து தொட்டுப் பார்த்தார். "உடம்பு ஜில்லுன்னு இருக்கே. லேம்ப் எரியுதா?"

"நான் எப்ப வந்து பாத்தாலும் எரியுது டாக்டர்."

அதுதான் உண்மையும்.

அன்று மத்தியானம் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கீரையைக் கடிக்கிறதா இல்லையா என்று என் கண்ணால் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தவள், கன்னத்தில் கைவைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன். பாபினும் அசையவில்லை, நானும் அசையவில்லை. விளக்கு அணைந்தது.

கையைத் தூக்கினேன். எரிந்தது. மறுபடி அசையாமல் உட்கார்ந்தேன். மறுபடி அணைந்தது.

கூரையில் இருக்கும் சூட்டு விளக்கும் அதே சென்சாரில்தான் மாட்டியிருந்தது. நாங்கள் கதவைத் திறந்தாலே அது எரிந்துவிடும், ஆகவே எரியாமல் யாரும் பார்த்ததில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனால் ஆமைக்கு இருட்டு. இருட்டில் குளிரும், குளிர்ந்தால் அசையாது, அசையாவிட்டால் விளக்கு எரியாது. இந்த அழகில், சூட்டு விளக்கு இல்லை என்று எழுதி இதை ஒரு ஏழை மனிதரிடமிருந்து தூக்கிவந்தவள் நான். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

இயக்குநரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நல்ல மனிதர்தான், யார் மனதும் நோகக்கூடாது அவருக்கு. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அவர் வீட்டுலயே ஆமை பலவீனமாத்தானே இருந்துச்சு? அப்படியே ஒரு வரி எழுதிடுங்க. பெரிய பராமரிப்பு மையத்துக்கு அனுப்பிடலாம். அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

"அப்ப தையல்காரருக்குத் திரும்பக் கிடைக்காதே சார்?"

"பொய் ஒண்ணும் எழுதச் சொல்லலையேம்மா."

பொய் இல்லைதான். பாதி உண்மை. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. விலங்கை வைத்திருக்கும் எந்த இடமானாலும் ஒரே விதி என்று சட்டம் சொல்கிறது. எங்கள் கட்டடத்துக்கு அதில் விலக்கு ஒன்றும் இல்லை. இதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கணவர் முதலில் நம்பவில்லை. "குரங்கு இருந்தப்ப அந்த லைட்டு அணைஞ்சதே இல்ல, தெரியுமா? கிளிங்க இருந்தப்பவும் ஒரு பிரச்சினையும் இல்ல."

"இது குரங்கு இல்லைங்க."

"நாளைக்குக் குழு வருது. நாளைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கக் கூடாதா?"

"நான் பொறுத்துப்பேன். அது பொறுக்குமா?"

சாப்பிட்ட தட்டுகளை அவரே எடுத்துப்போய்க் கழுவினார். சமையலறை விளக்கை அணைக்காமல் வந்து படுத்தார். நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

காலையில் நோட்டீஸை அடித்து எடுத்தேன், தாளின் இரண்டு பக்கமும். தையல்காரருக்குக் கொடுத்த அதே வாசகம்தான், பெயர் மட்டும் வேறு: எங்கள் துறை, பராமரிப்புப் பிரிவு. கீழே போய்க் கணவர் மேசையில் வைத்தேன்.

"சார், இதை வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்து வேணும்."

ஆபீசில் நாங்கள் சார், மேடம்தான். அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "உடனே சரிசெய்யணும்னு போட்டிருக்கீங்களே, மேடம்."

"ஆமா சார்."

"சென்சார் பெட்டிச் சாவி கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு. அவன் சாயங்காலம்தான் வருவானாம்." எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். "அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

எப்படி என்று கேட்க வாயெடுத்தேன். அவர் நாற்காலியைப் பறிமுதல் அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தார். நேற்றைய செய்தித்தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈ ஓட்டுகிறவர் மாதிரி காற்றில் வீச ஆரம்பித்தார். விளக்கு எரிந்தது. சற்று நிறுத்தி மறுபடி வீசினார், அலுத்தால் கையை மாற்றினார். வீட்டில் என்னையே இருட்டில் தவிக்கவிடுகிற மனிதர்! எனக்குச் சிரிப்பு வந்தது.

குழு மதியத்துக்கு முன்பே வந்துவிட்டது. இயக்குநர் அவர்களை டம்ளர்கள், தாள்கள், குழாய்கள் என்று காட்டிக்கொண்டே, பறிமுதல் அறைப் பக்கம் மட்டும் போகாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் கண்ணாடிக் கதவுக்குள் ஒரு அதிகாரி தாளை வீசிக்கொண்டிருந்தால் யார் கண்ணில்தான் படாது? குழுத் தலைவி கதவைத் திறந்தார்.

"என்ன பண்றீங்க?"

"லைட் அணையாம பாத்துக்கறேன் மேடம்," என்றார் என் கணவர், எழுந்து நின்று, வீசுவதை நிறுத்தாமல். பிறகு முழுவதையும் சொன்னார். சென்சார் போட்டது தான்தான் என்பதையும், இன்று காலை தனக்கு நோட்டீஸ் வந்ததையும். கொடுத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தலைவி ஏதோ எழுதிக்கொண்டார். கேடயம் பிறகு வேறு துறைக்குப் போயிற்று. இயக்குநர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தையல்காரர் வந்தது அதற்கப்புறம். அது அவர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் நாள். கண்ணாடிக்கு வெளியே நின்றவரை நான் உள்ளே கூட்டிப்போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கணவரைப் பார்த்தார்.

"காலையிலேருந்தா வீசுறீங்க? கை விட்டுப்போயிருக்குமே, குடுங்க," என்று தாளை வாங்கிக்கொண்டார்.

இருவரும் மாறி மாறி வீசினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். விளக்கின் சூடு என் முழங்கால்வரை வந்தது. மருத்துவர் எட்டிப் பார்த்து ஓட்டைத் தொட்டுவிட்டு, "இப்ப பரவாயில்ல, சூடு ஏறியிருக்கு. பாப்போம்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் 'பாப்போம்' எனக்குப் பிடிக்கவில்லை. தையல்காரருக்கும் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் ஆகியும் கான்ட்ராக்டரைக் காணோம். தையல்காரர் தாளை மடியில் வைத்துத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் நாற்காலியில் சாய்ந்து தோளைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தார். நானும் என்னை மறந்திருந்தேன்.

விளக்கு அணைந்தது.

மூவருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட நேரமில்லை. யார் கையும் எழவில்லை. விளக்கு எரிந்தது.

தொட்டியில் பாபின் ஒரு முன்னங்காலை எடுத்துக் கீரையின் மேல் வைத்திருந்தது. கழுத்து முழுவதும் வெளியே இருந்தது. வாய் திறந்து, கீரையின் ஓரத்தை ஒரு கடி கடித்தது.

தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். என் கணவர் அசையவே இல்லை. அசைந்தால் கெட்டுவிடும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்தார்.

"உள்ள ஆள் இருக்கு," என்றார்.